சட்டைப்பைக்கு ஒரு மடக்குக்கத்தி: முதன்முறையாகச் செய்யச் சொல்லி வாங்குவோருக்கு

குமரி மாவட்டத்தில் கத்தி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அடுக்களையில் பிச்சாத்தி, விறகுப்புரையில் வெட்டுக்கத்தி, தோப்புக்கு அரிவாள், குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்போர் வீட்டில் பால்வெட்டுக் கத்தி என்று வேலைக்கு ஒன்றாக இருக்கும். ஆனால் காலையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரவு திரும்பி வந்து மேசையில் எடுத்துவைக்கும்படியான சிறிய மடக்குக்கத்தியை ஒரு கைவினைஞரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்குவது நம்மில் பலருக்குப் புதிய அனுபவம். அதற்கு ஆகும் பணமும் காத்திருப்பும் கடையில் எடுக்கும் கத்தியைவிடப் பல மடங்கு என்பதால், முன்யோசனை இல்லாமல் இறங்குவது வீண்.

கத்தி செய்பவரிடம் பேச்சைத் தொடங்கும்போது ஸ்டீலின் பெயரையோ பிடியின் அழகையோ முதலில் கேட்க வேண்டாம். நீங்கள் வெட்டப் போவது என்ன, கத்தி எந்தக் காற்றில் கிடக்கப் போகிறது என்ற இரண்டையும் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டும் தெளிவானால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும். கடலும் மலையும் சூழ்ந்து, ஆண்டில் இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் இரண்டாவது கேள்விக்கு மற்ற ஊர்களில் இல்லாத கனம் உண்டு.

முதலில், வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வாரம் கையில் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு, கத்தி தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் எதை வெட்ட நேர்ந்தது என்று குறித்து வாருங்கள். நாகர்கோவிலில் அலுவலக வேலை செய்பவருக்குப் பார்சல் டேப், அட்டைப்பெட்டி, பழம், பென்சில் என்று பட்டியல் அமையும். தோவாளைப் பூச்சந்தையில் இருப்பவருக்கு நாரும் சாக்குக் கட்டும் வரும். சின்னமுட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ படகோடு பழகுபவருக்கு ஈரமான நைலான் கயிறும் வலையும்தான் முக்கால் பங்கு வேலை. தோட்டக்காரருக்குச் சிறு கிளை, வாழைநார், ஒட்டுக்கட்டும் பிளாஸ்டிக் நாடா ஆகியவை வரும். இந்த நால்வருக்கும் ஒரே கத்தி பொருந்தாது.

பட்டியலில் சில வேலைகளை அடித்துவிட வேண்டும். தேங்காய்ச் சில்லைக் கத்தி முனையால் நெம்பி எடுப்பது, டப்பா மூடியைக் கிளப்புவது, திருகாணி முடுக்குவது ஆகிய மூன்றும் மடக்குக்கத்தியின் முனையை ஒடிக்கும் வேலைகள். அலகின் முனை மெல்லியதாக இருப்பது வெட்டுவதற்காக. பக்கவாட்டில் நெம்பினால் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டீலும் தாங்காது. அந்த வேலைகள் உங்களுக்கு அன்றாடம் உண்டு என்றால் அவற்றுக்குத் தனியாக ஒரு மலிவான கருவி வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை மடக்குக்கத்தியே வைத்துக்கொண்டதில்லை என்றால், செய்யச் சொல்வதற்கு முன் கடையில் கிடைக்கும் எளிய கத்தி ஒன்றைச் சில மாதங்கள் பயன்படுத்திப் பாருங்கள். பிரான்சின் ஒப்பினெல், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இரண்டும் இதற்கு ஏற்றவை. 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஒப்பினெல் கத்தியின் எட்டாம் எண் அளவுக்கு 8.5 சென்டிமீட்டர் அலகு இருக்கும். ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு வளையப் பூட்டு, அவ்வளவுதான் அதன் உடல். மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனி ஆடியில் அதைத் திறக்க நகம் வலிக்கும்போது, உங்கள் கத்திக்கு எந்தப் பிடி வேண்டும் என்பது தானாகவே விளங்கும். அலகு நீளம் கூடுதலா குறைவா, ஒரு கையால் திறக்கத் தேவையுண்டா, பையில் கனம் தெரிகிறதா என்ற கேள்விகளுக்கும் இப்படிப் பழகித்தான் விடை காண முடியும்.

சட்டமும் நீளமும்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்பதற்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்று வரையறுத்து, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உருவான பொருள்களை அந்த வரையறையிலிருந்து விலக்கி வைக்கிறது. அதன் கீழ் வரும் விதிகளின் பட்டியலில், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்களுக்கென வடிவமைக்கப்படாத கத்திகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடையவை இடம்பெறுகின்றன. சட்டைப்பைக் கத்தி இந்த அளவுகளின் அருகில்கூட வராது. எனினும் வழியில் சோதனை செய்யும் காவலர் அளவுகோலோடு நிற்பதில்லை. கத்தியின் தோற்றமும், அது உங்களிடம் ஏன் இருக்கிறது என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணமும்தான் அங்கே பேசும்.

ஆகவே என் பரிந்துரை, அலகு 6.5 முதல் 7.5 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பழம் நறுக்கவும் பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் இது தாராளம். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் தெறித்துத் திறக்கும் கத்தியையும், இருபுறமும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தீட்டிய அலகையும், கறுப்புப் பூச்சும் பற்களுமாக அச்சுறுத்தும் தோற்றத்தையும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். தற்காப்புக்கு என்ற எண்ணத்தோடு கத்தி வாங்க வருபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாங்க வேண்டாம். கருவியாக இருக்கும் வரைதான் அது உங்களுக்குத் துணை.

திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகப் பயணம் செய்வோர், கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். நீதிமன்றம், பள்ளி, கல்லூரி, பை சோதனை நடக்கும் கோயில், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களுக்குப் போகும் நாளில் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

ஸ்டீலும் உப்புக்காற்றும்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஸ்டீலின் பெயர்கள் எண்களும் எழுத்துகளுமாக இருப்பதால், பெரிய எண் உள்ளதே சிறந்தது என்ற மயக்கம் எளிதில் வந்துவிடுகிறது.

அடிப்படை இதுதான். இரும்பில் கரிமம் சேர்வதால் கடினம் வருகிறது. குரோமியம் சேர்வதால் துரு எதிர்ப்பு வருகிறது. சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் என்ற வகையில் சேர்ப்பார்கள். ஆனால் அந்தக் குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் வேலையைச் செய்வதில்லை. கரிமம் மிகுந்திருந்தால் அது குரோமியத்தைப் பிடித்து, கடினமான துகள்களாகத் தன்னோடு கட்டிக்கொள்ளும். எஞ்சிய குரோமியம் மட்டுமே அலகைக் காக்கும். பலர் விரும்பிக் கேட்கும் டி2 ஸ்டீல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம் உண்டு. ஆனால் கரிமம் 1.5 சதவீதம் இருப்பதால் அந்தக் குரோமியத்தின் பெரும்பகுதி துகள்களில் அடங்கிவிடுகிறது. 2021இல் வெளிவந்த மேக்னாகட் என்ற ஸ்டீலை வடிவமைத்த அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தார். அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான், ஆனால் குரோமியம் துகள்களாகக் கட்டுப்படாதபடி கலவை அமைக்கப்பட்டிருப்பதால் துரு எதிர்ப்பில் அது டி2ஐ எளிதில் மிஞ்சுகிறது. தாளில் எழுதிய சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதை நம் ஊரோடு பொருத்திப் பார்ப்போம். முட்டம், குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரி என்று கரையோரத்தில் குடியிருப்பவர் வீட்டு ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் என்ன ஆகின்றன என்பது அவருக்கே தெரியும். அங்கே டி2 அலகில் கூட, சட்டைப்பை வியர்வையோடு சேர்ந்து, சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். அந்தப் புள்ளி வெளியில் தெரிந்தால் துடைத்துவிடலாம். அலகு சுழலும் அச்சைச் சுற்றியும் பூட்டுத் தகட்டின் அடியிலும் தோன்றும் துருதான் கத்தியைக் கெடுக்கிறது. பல மாதம் வியர்வையில் கிடந்த கத்தி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், வெளியே பளபளக்கும் அலகின் அடிப்பாகத்தில், வாஷர் தொட்டுக்கொண்டிருந்த வட்டத்தின் விளிம்பு முழுவதும் செந்நிற வளையமாகத் துரு படிந்திருப்பதைக் காணலாம். திறக்கும்போது கரகரவென்று ஒலிப்பது அதனால்தான்.

கரையோரத்தில் வாழ்பவருக்கும் படகில் போகிறவருக்கும் எல்சி200என் போன்ற நைட்ரஜன் சேர்ந்த ஸ்டீலே என் முதல் தேர்வு. அதில் கரிமத்தைக் குறைத்து, அதன் வேலையில் ஒரு பகுதியை நைட்ரஜனிடம் ஒப்படைத்திருப்பதால் உப்புநீர் பட்டாலும் துரு ஏறுவது அரிது. மேக்னாகட் அதற்கு அடுத்தபடி. வாய் கூர்மையைக் கூடுதல் காலம் தாங்கும், ஆனால் விலையும் கூடும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று கரையிலிருந்து சற்று உள்ளே இருப்பவருக்கு 14சி28என் மிகப் பொருத்தமானது. சுமார் 0.6 சதவீதக் கரிமமும் 14 சதவீதக் குரோமியமும் கொண்ட இந்த ஸ்டீல் மென்மையாகத் தீட்ட வரும், விரைவில் கூர் ஏறும், விலையும் கைக்கு எட்டும். முதல் கத்திக்கு எது என்று ஒரே சொல்லில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கார்பன் ஸ்டீலை விரும்புவோரும் உண்டு. அந்த விருப்பத்தில் நியாயமும் உண்டு. லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அரிவாள் அடிக்கும் நம் கொல்லர்கள் அந்த ஸ்டீலை நன்றாக அறிவார்கள். உலையில் சிவந்த இரும்பின் நிறம் பார்த்தே துவைச்சல் போடும், அதாவது சட்டென்று குளிர்வித்துக் கடினம் ஏற்றும் அனுபவம் அவர்களுக்கு உண்டு. பேரிங் செய்யப் பயன்படும் இ.என்.31 போன்ற ஸ்டீலில் ஏறும் கூர்மை அலாதியானது. மலையடிவாரத்தில் இருப்பவர், நாள்தோறும் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவர் இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் துருப்பிடிக்காத ஸ்டீலைக் கொல்லுலையில் பதப்படுத்திக் கேட்காதீர்கள். அதற்கு 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல், ஏற்ற இறக்கமின்றி வெப்பத்தை நிறுத்தும் மின்னுலை வேண்டும். நிறம் பார்த்துச் செய்ய இயலாது.

இங்கேதான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வருகிறது. ஒரே ஸ்டீல், ஒருவர் பதப்படுத்தினால் உயர்ந்த கத்தியாகவும், மற்றொருவர் பதப்படுத்தினால் வாய் மடங்கும் தகடாகவும் ஆகும். ஆகவே அலகை யார் பதப்படுத்துகிறார், மின்னுலையிலா, கடினத்தை அளந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 61 வரை என்பது சிறிய மடக்குக்கத்திக்குத் தகுந்தது. மிகக் குறைந்தால் வாய் மடங்கும், மிகக் கூடினால் சில்லு பெயரும். எண் சொல்லத் தயங்குபவரைவிட, "இந்த ஸ்டீலை நான் 60இல் நிறுத்துகிறேன், காரணம் இது" என்று சொல்பவரை நம்பலாம்.

டமாஸ்கஸ் என்று சொல்லி அலைஅலையான கோலத்தோடு வரும் அலகுகள் கண்ணைப் பறிக்கும். இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் இருவகைக் கார்பன் ஸ்டீலை அடுக்கி ஒட்ட அடித்து அமிலத்தில் கோலம் எழுப்பியவை. பழங்காலத்தில் தென்னகத்திலிருந்து கடல் கடந்து போன உருக்கு வேறு வகை. உப்புக்காற்றில் அந்தக் கோலத்தின் பள்ளங்களில்தான் துரு முதலில் இறங்கும். அன்றாடக் கத்திக்கு அது வேண்டாம்.

வாயின் மெலிவு

பனையேறிகளின் பாளை அரிவாளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, வெட்டுவது என்றால் என்ன என்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாளையின் நுனியில் தாள் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். கூடினால் பாளை வீணாகும், மழுங்கிய வாயால் நசுங்கினால் பதநீர் இறங்காது. அதற்காக அந்த வாயை மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டித் தீட்டி மெலிய வைத்திருப்பார்கள். அந்த அரிவாளின் முதுகு கனமாக இருந்தாலும், வாயை நோக்கி வரவர அது மெலியும் விதத்தில்தான் அதன் திறமை இருக்கிறது.

சட்டைப்பைக் கத்திக்கும் இதுவே விதி. அலகின் முதுகு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும். 4 மில்லிமீட்டர் கனத்தோடு வரும் கத்தி ஆப்பிளை வெட்டாது, பிளக்கும். அதைவிட முக்கியமானது, தீட்டிய வாய்க்குச் சற்று மேலே அலகின் கனம் எவ்வளவு என்பது. 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பெரும்பாலான வாங்குவோர் கேட்காத கேள்வி இது, நல்ல கைவினைஞர் இதைக் கேட்டதும் உங்களோடு ஆர்வமாகப் பேசத் தொடங்குவார். முதுகிலிருந்து வாய் வரை சீராகச் சரியும் தட்டைச் சரிவு எல்லா வேலைக்கும் ஏற்றது. வாய்க் கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி போதும்.

வடிவத்தில், முதுகு மெல்ல இறங்கி முனையைச் சந்திக்கும் அமைப்பு பொதுப் பயனுக்கு நல்லது. படகில் வேலை செய்பவருக்கு முனை மழுங்கி, வாய் நேர்கோடாக இருக்கும் அலகே பாதுகாப்பு. அலையில் படகு தூக்கிப்போடும்போது கூர்முனை அடுத்தவர் உடம்பில் இறங்கிவிடக்கூடும். ஈர நைலான் கயிற்றுக்குப் பல் வைத்த வாய் வேகமாக அறுக்கும் என்றாலும், வீட்டில் தீட்டுவது கடினம். கயிறுதான் முழுநேர வேலை என்றால் மட்டும் கேளுங்கள்.

பூட்டு

அலகு திறந்த நிலையில் நிற்பதற்குச் சில வழிகள் உண்டு. முதுகில் உள்ள வில்தகட்டின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் பேனாக்கத்தி வகை, அலுவலகத்துக்கும் பழத்துக்கும் போதும்; பூட்டு இல்லாததால் பார்ப்பவருக்கும் அச்சம் தராது. அழுத்தி வேலை செய்பவருக்குப் பூட்டு வேண்டும். முதுகுப் பூட்டு உறுதியானது, மூடும்போது விரல் அலகின் பாதையில் வராது, ஈரக் கையாலும் இயக்கலாம். உட்பக்கத் தகடு வளைந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் லாக், பிடியின் உடலே அந்த வேலையைச் செய்யும் ஃபிரேம் லாக் ஆகியவை ஒரு கையால் திறந்து மூட வசதியானவை. ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகின் வழியில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. முதல் கத்திக்கு முதுகுப் பூட்டையோ பூட்டில்லாத வில்தகட்டு வகையையோ தேர்ந்தெடுப்பதே நல்லது. இடக்கைப் பழக்கம் உள்ளவர் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். லைனர் லாக் பெரும்பாலும் வலக்கைக்கே அமைக்கப்படுகிறது.

அச்சில் அலகு சுழல்வதற்குச் சிலர் சிறு பந்துப் பேரிங் வைப்பார்கள். விரல் தட்டினால் வழுக்கிக்கொண்டு திறக்கும். கடையில் கையில் எடுத்ததும் மனதை இழுப்பது அதுதான். நம் கடற்கரைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மணவாளக்குறிச்சிக் கரையில் மணலை வாரிப் பார்த்தால் கறுப்பும் சிவப்புமாகத் தெரிவது இல்மனைட்டும் கார்னெட்டும். கார்னெட் என்பது உப்புத்தாளிலும் உலோகம் அறுக்கும் எந்திரங்களிலும் தேய்ப்பானாகப் பயன்படும் கனிமம். அப்படிப்பட்ட மணல் பேரிங்குக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சற்று இறுக்கமாக இருந்தாலும் பழகப்பழக வழவழப்பாகும், மணல் புகுந்தாலும் கழுவிவிடலாம்.

பிடியும் உள்கட்டும்

பிடியின் நீளத்தை மற்றவர் கத்தியைப் பார்த்துச் சொல்லாதீர்கள். நான்கு விரல்களையும் சேர்த்து உள்ளங்கையின் அகலத்தை அளந்து, அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுவே உங்கள் பிடியின் குறைந்த அளவு. பிறகு கத்தியின் மூடிய உருவத்தைத் தடித்த அட்டையில் அதே அளவுக்கு வெட்டி, மூன்று நான்கு தாள்களை ஒட்டிக் கனம் ஏற்றி, சில நாள் சட்டைப்பையில் போட்டு நடந்து பாருங்கள். உட்காரும்போது தொடையில் குத்துகிறதா, பைக்கில் போகும்போது நழுவி வெளியே வருகிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். வேட்டியோ சாரமோ உடுத்துபவருக்குக் கிளிப் பயன்படாது. பச்சை பெல்ட்டின் பையில் போடுவதாக இருந்தால் அந்தப் பையின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, ஜி-10 என்னும் கண்ணாடியிழைத் தகடும், துணி அடுக்குகளைப் பிசினில் ஊற வைத்து அழுத்திய மைக்கார்ட்டாவும் ஈரத்தில் ஊதாது, சுருங்காது. ஈரமான கையில் மைக்கார்ட்டா வழுக்காமல் பிடி கொடுப்பதால் எனக்கு அதுவே பிடித்தமானது. மரம்தான் வேண்டும் என்றால் ஈட்டி, புளி, கரும்பனையின் வைரம் பாய்ந்த பகுதி ஆகியவை நம் மண்ணிலேயே கிடைக்கும் நல்ல பொருள்கள். வீட்டுத் தோப்பில் விழுந்த முதிர்ந்த பனையின் ஒரு துண்டைக் கைவினைஞரிடம் கொடுத்துப் பிடி போடச் சொல்லலாம். நன்கு உலர்ந்த துண்டாக இருக்க வேண்டும், முடிந்தால் பிசின் ஏற்றி உறுதிப்படுத்தச் சொல்ல வேண்டும். எருமைக் கொம்பு எடுக்கலாம். மான் கொம்பையும் யானைத் தந்தத்தையும் யார் தருவதாகச் சொன்னாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம்.

உட்புறத் தகடு பித்தளையாக இருந்தால் உப்பு ஈரத்தில் களிம்பு பிடிக்கும். துருப்பிடிக்காத ஸ்டீலோ டைட்டானியமோ கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி ஆணி அடித்து நிரந்தரமாக மூடப்பட்டதாக இல்லாமல், திருகாணியால் பிரித்துக் கழுவக்கூடியதாக இருக்கட்டும். முதுகுப் பக்கம் திறந்த அமைப்பாக இருந்தால் நூல்துணுக்கும் மணலும் தங்காது.

செய்பவரிடம் பேசும்போது

கைவினைக் கத்தி என்ற பெயரில் மூன்று வகை விற்கப்படுகின்றன. ஒருவரே வரைந்து, அறுத்து, சரிவு தேய்த்து, பொருத்தி முடிப்பது ஒன்று. பாகங்களை எந்திரத்தில் வெட்டிக்கொண்டு, பொருத்துவதையும் முடிப்பதையும் கையால் செய்வது இரண்டாவது. தொழிற்சாலைக் கத்தியின் பிடியை மட்டும் மாற்றிக் கொடுப்பது மூன்றாவது. மூன்றும் நேர்மையான வேலைகளே. ஆனால் விலை ஒன்றல்ல. எது என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிவாள் அடிப்பதில் தேர்ந்தவரிடம் பூட்டுள்ள மடக்குக்கத்தி கேட்பது அவருக்கும் சங்கடம். பூட்டின் பொருத்தம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குகளில் அமைவது. அதற்கான எந்திரமும் பழக்கமும் தனி. பூட்டோ வில்லோ இல்லாமல், அச்சின் இறுக்கத்தாலும் அலகின் வாலை விரலால் அழுத்திப் பிடிப்பதாலும் நிற்கும் எளிய மடக்குக்கத்தியை நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்து வாங்க முடியும். ஜப்பானில் ஹிகோனோகாமி என்ற பெயரில் தலைமுறைகளாகப் புழங்குவது இந்த வகைதான்.

உங்கள் வேலைப் பட்டியல், உள்ளங்கை அளவு, வசிக்கும் இடம், அட்டை மாதிரியின் படம் ஆகியவற்றை எழுத்தில் அனுப்புங்கள். அவர் முன்பு செய்த கத்திகளில், புதிதாகப் படம் பிடித்ததை விட ஓராண்டு பயன்படுத்தியதைக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல், முன்பணம், அலகு பதமாகி வந்தபின் ஒரு பகுதி, கத்தி முடிந்தபின் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். காலம் தள்ளிப்போவது இந்தத் தொழிலில் இயல்பு. ஆனால் தாமதத்தைத் தானாக முன்வந்து சொல்லும் கைவினைஞரா என்பதைத் தொடக்கத்திலேயே கவனியுங்கள்.

கைக்கு வந்ததும்

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடிய நிலையில் அலகு இரு தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். திறந்து, அலகின் முனையைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மூடிய கத்தியை அலகு வெளிவரும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக் குலுக்கினால் அலகு தானாக வெளியே வரக் கூடாது. இது பையில் இருக்கும் கத்தி என்பதால் இந்தச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். லைனர் லாக் என்றால், தகடு அலகின் அடிப்பகுதியில் கால்பங்கிலிருந்து பாதிவரை வந்து தாங்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டால் திருப்பி அனுப்புங்கள். பூட்டைச் சோதிக்க முதுகை மேசையில் ஓங்கி அடிப்பதைச் சிலர் செய்வார்கள். அது நல்ல பூட்டையும் கெடுக்கும். விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மரத்தில் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால் போதும். கடைசியாக ஒரு செய்தித்தாளை நீளவாக்கில் சீவிப் பாருங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே வாய் சரியாக ஏறவில்லை.

வைத்துப் பேணுதல்

கடல்நீரோ வியர்வையோ பட்ட அன்றே நல்ல தண்ணீரில் திறந்து கழுவி, துணியால் துடைத்து, காற்றில் உலரவிடுங்கள். சக்கை (பலாப்பழம்) வெட்டுவதாக இருந்தால் அலகில் முன்கூட்டியே தேங்காயெண்ணெய் தடவுங்கள், பால் ஒட்டாது. ஆனால் அச்சுக்குள் தேங்காயெண்ணெய் விட வேண்டாம், தூசியைப் பிடித்துக் கட்டியாகும். உணவு வெட்டும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஒரு சொட்டு விடுங்கள். உணவில் படாத கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், தோல் ஈரத்தை இழுத்து அலகுக்குக் கொடுக்கும். மழைக்காலத்தில் உறையின்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லில் தீப்பொறி பறக்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறிப் பதம் இறங்கிவிடும்; வாய் ஓரம் நீலமாக மாறியிருந்தால் அந்தப் பகுதி இனிக் கூர் தாங்காது, அதைத் தேய்த்து நீக்கும்வரை. 1,000 எண் கல் ஒன்றும், 3,000 எண் கல் ஒன்றும், மரப்பலகையில் ஒட்டிய பழைய தோல் பெல்ட் துண்டும் வீட்டில் இருந்தால் போதும். கல்லை நனைத்து, கோணம் மாறாமல், ஒவ்வொரு பக்கமும் சமமாக இழுங்கள். மழுங்கும்வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை தோலில் சில முறை இழுத்துவந்தால் கல்லுக்குப் போக வேண்டிய தேவையே குறையும்.

பிரித்துக் கழுவுவதைச் செய்து கொடுத்தவரிடமிருந்தே ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள். எந்தத் திருகாணிக்கு எந்த அளவு முடுக்கி, வாஷர் எந்தப் பக்கம், அச்சை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அவர் செய்யும்போது படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். திருகாணி இரண்டை உபரியாகக் கேட்டு வாங்குங்கள். மிகச் சிறியவை என்பதால் தரையில் உருண்டால் கிடைக்காது, உள்ளூர்க் கடையில் அதே அளவு கிடைப்பதும் அரிது.